பதிவுப் புத்தகத்தில் உன் பெயர்

மகனே,

நாளை வெள்ளிக்கிழமை. ஞாயிறு மாலை உன் விமானம். அதற்கு முன் உன்னிடம் சொல்லி முடிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நேரில் சொல்ல மூன்று தடவை உன் அறைக்கு வந்தேன். மூன்று தடவையும் நீ பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாய். பெட்டியின் பூட்டைப் பற்றியும் குளிருக்குப் போடும் காலுறையைப் பற்றியும் பேசிவிட்டு வெளியே வந்துவிட்டேன். முப்பது வருடம் வகுப்பறையில் வாயை வைத்துப் பிழைத்தவன் நான். சொந்த மகனிடம் ஒரு வாக்கியம் சொல்ல அந்த வாய் உதவவில்லை. ஆகவே எழுதுகிறேன். உறையை ஒட்டவில்லை. அம்மாவும் படிக்கட்டும். அவளுக்கும் இது தெரியாது.

முன்னுரை எழுதத் தொடங்கினால் அதிலேயே காலம் கழித்துவிடுவேன் என்பதால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருடம் உன்னைப் பதினொரு நாள் பொலிஸில் வைத்திருந்தார்களே, அது என்னால். நெட் கடையின் பதிவுப் புத்தகத்தில் உன் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதியது உன்னோடு அங்கே வேலை செய்த ரிஸ்மி அல்ல, நான். அவன்தான் எழுதினான் என்று உன்னை நம்பவைத்ததும் நான். இதோடு நீ கடிதத்தைக் கிழித்துப் போடலாம். கிழிக்காவிட்டால் மீதியையும் படி. மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை. நாளை பகலுக்குள் உனக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். ஏன் நாளை பகல் என்பதையும் சொல்கிறேன்.

வாதத்தில் தோற்கத் தெரியாதவன் உன் அப்பா என்பது உனக்குப் பத்து வயதிலேயே தெரியும். மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவுக்குப் போனது நினைவிருக்கும். மாமா வீட்டார் எல்லோரும் வந்திருந்தார்கள். கல்லால் கட்டிய அந்தப் பழைய கெடிகேக் கோயிலைப் பார்த்துவிட்டு நீ, "அப்பா, இத ஒவ்வொரு கல்லா கழட்டி வேற எடத்துல வச்சாங்களாம்" என்றாய். நான் சிரித்தேன். "யாருடா சொன்னா? கோயில யாராவது கழட்டிப் பூட்டுவாங்களா, அது என்ன சைக்கிளா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். உன் காது சிவந்தது. பின்பக்கம் போனபோது ஒரு பலகை நின்றது. குளத்து நீர் ஏறும் என்பதால் அந்தக் கட்டடத்தை முழுதாகக் கழற்றி, உயரமான இடத்தில் மறுபடி அடுக்கினார்கள் என்று அதில் எழுதியிருந்தது. அந்த வேலை நடந்த காலத்தில் நான் வெளி மாவட்டத்தில் இருந்தேன், எனக்குத் தெரியாது. பலகையை வாசித்தேன். வாசித்துவிட்டு, "இந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல, வாங்க" என்று எல்லோரையும் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். நீ மட்டும் திரும்பவில்லை. பலகையையும் பார்த்தாய், என்னையும் பார்த்தாய். அன்றைக்கு நீ "அப்பா பிழை" என்று கத்தியிருந்தால் உன்னை அடித்திருப்பேன். ஆனாலும் கத்தியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

என் மனக்குறைகள் எல்லாம் உனக்கு மனப்பாடம். தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் பிறந்து, பௌதிகத்தில் பட்டம் வாங்கி, நகரத்துப் பாடசாலைக்கு வந்தவன் நான். ஆசிரியர் அறையில் என் கதிரை எப்போதும் கதவோரம். வடக்கிலிருந்து வந்து தலைமுறையாக உத்தியோகம் பார்க்கும் நம்முடைய தமிழ்ப் பெரியவர்கள், என்னை வீட்டுக்குக் கூப்பிட்டால் தேநீர் தருவார்கள், சாப்பிடச் சொல்ல மாட்டார்கள். என்னைவிட எட்டு வருடம் பிந்தி வந்தவர் பாடசாலை அதிபரானார். அந்த நாள் நான் வீட்டுக்கு வந்து உன் சைக்கிளை முற்றத்தில் தள்ளி விழுத்தினேன்; காரணம் கேட்டபோது அது வழியில் நின்றது என்றேன். இதையெல்லாம் நியாயமாகச் சொல்லவில்லை. அந்த இணையக் களம் எனக்கு என்னவாக இருந்தது என்று உனக்கு விளங்குவதற்காகச் சொல்கிறேன்.

இணையத்தில் ஒரு தமிழ்க் கருத்துக்களம். அதில் அரசியலுக்கு ஒரு பகுதி, அறிவியலுக்கு ஒன்று, சினிமாவுக்கு ஒன்று. உலகம் முழுவதும் சிதறிக் கிடக்கும் நம் ஆட்கள் புனைபெயரில் வந்து ஒருவரையொருவர் கடித்துக் குதறும் இடம். நீ ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, "வேலவெட்டி இல்லாதவனுங்க சண்ட புடிக்கிற சந்தை" என்றாயே, அதே இடம்தான். நீ அப்படிச் சொன்னதால்தான் நான் அங்கே எழுதுவதை உன்னிடம் மறைத்தேன். உக்குவளைச் சந்தியில் நீயும் ரிஸ்மியும் வேலை செய்த அந்த நெட் கடைக்கு, நீ கண்டிக்கு வகுப்புக்குப் போகும் செவ்வாயும் வெள்ளியும் பார்த்து வருவேன். மூலையில் இருந்த நாலாம் இலக்கக் கணினி. என் புனைபெயர் தராசு.

முதல் சில மாதங்கள் நான் அங்கே மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன். பெரிய கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது, அது நம் முன்னோரின் விஞ்ஞானம் என்று ஒருவர் எழுதினார். சூரியன் இருந்தால் நிழல் விழும், சந்தேகம் இருந்தால் காலை எட்டு மணிக்குக் கோபுரத்தின் மேற்குப் பக்கம் போய் நின்று பாருங்கள், நிழலிலேயே நிற்பீர்கள் என்று எழுதினேன். மூன்று நாள் அந்த விவாதத் திரி ஓடியது. எங்கோ இருந்த ஒரு பெண் தன் பிள்ளையுடன் வெளியே போய், தடியை நட்டு, நிழலை அளந்து எனக்கு நன்றி எழுதினாள். சினிமாப் பகுதியிலும் விடவில்லை. நாற்பது அடியாட்கள் கதாநாயகனை வரிசையில் நின்று ஒவ்வொருவராகத்தான் தாக்குவார்கள், கூப்பன் கடையில்கூட நம் ஆட்கள் இவ்வளவு ஒழுங்காக வரிசையில் நின்றதில்லையே என்று எழுதினேன். சிரித்துக்கொண்டே இருந்தார்கள். "தராசு ஐயா, நீங்கள் எங்கேயாவது பேராசிரியரா?" என்று ஒருவர் கேட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அங்கே எனக்கு லயம் இல்லை, கதவோரக் கதிரை இல்லை. நான் சொன்னது சரியா பிழையா என்பது மட்டும்தான் இருந்தது. அப்படித்தான் நினைத்தேன்.

அரசியல் பகுதிக்குள் போகாமல் இருந்திருக்கலாம். போர் அதன் கடைசிக் கட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம். கடலோடி என்று ஒருவர், குளிர் தேசம் ஒன்றிலிருந்து எழுதுபவர், ஒவ்வொரு தாக்குதல் செய்திக்கும் கிரிக்கெட் ஓட்டம் எண்ணுவதைப் போலக் கைதட்டுவார். நான் எழுதினேன்: நீங்கள் அங்கே கைதட்டும்போது இங்கே மாத்தளையில் பஸ்ஸில் போகிற தமிழனைத்தான் இறக்கி வைத்து விசாரிக்கிறார்கள், உங்கள் வீரத்துக்கு வட்டி கட்டுவது நாங்கள் என்று. இன்றைக்கும் அந்த வாக்கியத்தை மாற்ற மாட்டேன். அதற்கு அவர் எழுதிய பதில் எனக்கு எழுத்தெழுத்தாக நினைவிருக்கிறது. "தராசின்ரை முள்ளு ஏன் எப்பவும் கொழும்புப் பக்கமே சாயுது? நீர் மாத்தளையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அரசாங்கச் சம்பளத்துக்குக் கொழும்பிலை குளிர் அறைக்குள்ளை இருந்து தட்டுறீர். மாத்தளையிலை இருக்கிறது உண்மையெண்டால் நிரூபியும் பாப்பம்." அதற்குக் கீழே ஒன்பது பேர். நிரூபியும், நிரூபியும் என்று.

பெயரைச் சொல்லி நிரூபித்திருக்க முடியாது. அரசாங்க ஆசிரியன் அரசியல் எழுதுகிறான் என்று தெரிந்தால் வேலை போகும், ஓய்வூதியம் போகும். பெயர் தெரியாமல், ஆனால் இங்கேதான் இருக்கிறேன் என்று மறுக்க முடியாதபடி நிரூபிக்க வேண்டும். பௌதிகம் படிப்பித்தவனுக்கு வழியா இல்லை? பிள்ளைகளுக்குச் செய்முறைக் கொப்பியில் எழுதப் பழக்கிய அதே முறையில் அவதானக் குறிப்பு எழுதத் தொடங்கினேன். நாள், நேரம், அவதானம், முடிவு என்று நான்கு நிரல். இன்று காலை மாத்தளை ரயில் உக்குவளையில் நின்றது இத்தனை மணிக்கு, புறப்பட்டது இத்தனைக்கு. "ரயில் நேரத்தை ஆரும் எழுதலாம்" என்றார் கடலோடி. சரி. பாலத்தடியில் காவலுக்கு நின்றவர்கள் மூன்று பேர், எட்டு மணிக்கு ஆள் மாறினார்கள். "இதையும் கற்பனையிலை எழுதலாம்" என்றார். சரி. நகரத்துக்குள் நுழையும் இடத்தில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள், பைகளைத் திறந்து பார்த்தார்கள், கடைசி இருக்கைப் பைகள் இரண்டைப் பார்க்கவில்லை. முடிவு: அவதானிப்பவர் மாத்தளையில் இருக்கிறார்.

இரண்டு வாரம் இப்படி எழுதினேன். பஸ்ஸிலும் ரயிலிலும் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. அநாதரவான பொதி கண்டால் தொடாதே என்று காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியவனே நான்தான். அதே நான், காவலர் மாறும் நேரத்தையும் சோதிக்காத பைகளின் எண்ணிக்கையையும் அட்டவணை போட்டு, யார் யாரெல்லாமோ வந்து வாசிக்கும் இடத்தில் வைத்தேன். எனக்கு அது சான்று. வேறு யார் வாசித்தாலும் அது உளவு. கெட்டவன்கூட இதைச் செய்திருக்க மாட்டான். அவனுக்கு அறிவு இருந்திருக்கும். சரியாக இருக்க வேண்டும் என்று வெறிபிடித்த ஒரு வாத்தியாரால்தான் இது முடியும்.

இப்போது பதிவுப் புத்தகம். வருகிறவர்கள் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது உன் கடை விதி. முதல் நாளே நான் உன் பெயரை எழுதினேன். உனக்காக எத்தனை விண்ணப்பம் நிரப்பியிருக்கிறேன். உன் இலக்கம் என் இலக்கத்தைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ரிஸ்மி எட்டிப் பார்த்தான். "என்ன சேர், மகன்ட பேர்ல களவா வாறீங்க?" என்று சிரித்தான். "ஒரே வீடுதானப்பா" என்றேன். அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆபத்து இருக்கிறது என்று தெரியாமல் செய்தேன் என்று உன்னிடம் சொல்ல ஆசைதான். ஆனால் தெரிந்ததால்தானே என் பெயரை எழுதவில்லை? எனக்கு வேலையும் ஓய்வூதியமும் இருந்தன. உனக்கு இழக்க ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். அந்த வயதுப் பையனுக்கு, அந்த வருடத்தில், அந்தப் பெயரோடு, இழக்க என்ன இருந்தது என்று யோசிக்கவில்லை.

ஒரு புதன்கிழமை காலை நீ கடை திறக்கும்போது வந்தார்கள். தராசு எழுதியதையெல்லாம் அச்செடுத்த தாள்கள் ஒரு கட்டு அவர்களிடம் இருந்ததாம். அம்மாவும் நானும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். ஒரு அதிகாரி, சிங்களத்தில், பண்பாகத்தான் கேட்டார், உங்கள் மகன் இணையத்தில் என்ன எழுதுகிறான் மாத்தயா என்று. தெரியாது என்றேன். அது பொய்யும் இல்லை பார், நீ எதுவும் எழுதவில்லையே. அந்த நிமிடத்தில்கூட என் மூளை, சொல்லப்படும் வாக்கியம் சரியா என்பதைத்தான் சோதித்துக்கொண்டிருந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க படிச்சவருதானே, எதாவது பேசுங்களேன்" என்று அழுதாள். நான் பேசவில்லை. பேசினால் என்னைப் பிடிப்பார்கள் என்ற பயம். அது மட்டும்தான். குடும்பத்துக்கு ஒருவராவது வெளியே இருக்க வேண்டும் என்று பிற்பாடு ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். அது பிற்பாடு.

நாலாம் நாள் நான் செய்ததை எந்த மனிதனிடமும் சொன்னதில்லை. அம்மாவைக் கோயிலில் விட்டுவிட்டு, பஸ் ஏறி மாத்தளை நகரத்துக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு கடையில் உட்கார்ந்து களத்தைத் திறந்தேன். அட்டவணைகளை அழிக்கத்தான் போனேன் என்று நினைத்துக்கொண்டேன். கடலோடி எழுதியிருந்தார்: "தராசைக் காணேல்லை. தோத்தால் உப்பிடித்தான் ஒளிப்பினம்." கீழே சிரிப்புப் பொம்மைகள். நீ உள்ளே இருக்கிறாய். அம்மா நாலு நாளாகச் சாப்பிடவில்லை. நான் விசைப்பலகையை இழுத்துப் பதினாறு வரி பதில் எழுதி அனுப்பினேன். தோற்கவில்லை என்று எழுதினேன். அட்டவணைகளை அழித்தது அதற்குப் பிறகு.

நீ வெளியே வந்ததற்குக் கண்டி வகுப்பின் வரவுப் பதிவு ஒரு காரணம். நீ உள்ளே இருக்கும்போதே தராசு வேறு இடத்திலிருந்து எழுதியது இன்னொரு காரணமாக இருக்கலாம். ஸ்டேஷனில் இருந்த ஒருவர் எனக்கு ஜாடையாகச் சொன்னார். அதைக் கேட்டதும் நெஞ்சு எவ்வளவு லேசானது தெரியுமா? உன்னைக் காப்பாற்றவே அந்தப் பதிலை எழுதினேன் என்று சில வாரம் எனக்கு நானே சொல்லி நம்பியும் விட்டேன். இல்லை, மகனே. உன்னை விடுவித்தது அந்தப் பதிலாகவே இருந்தாலும், அதை நான் உனக்காக எழுதவில்லை. இந்தக் கணக்கில் எனக்கு ஒரு புள்ளிகூடப் போடாதே.

உள்ளே உன் பெயரை ஒரு தாள் முழுக்கத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார்கள், ஏன் என்றே விளங்கவில்லை என்று வந்த அன்று சொன்னாய். எனக்கு விளங்கியது. புத்தகத்தில் இருந்த கையெழுத்தோடு ஒப்பிட்டிருப்பார்கள். அது உன் கை இல்லை என்று தெரிந்ததும் ரிஸ்மியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு நாள். யார் எழுதியது என்று கேட்டு அறைந்ததில் அவனுடைய இடது காது கேட்காமல் போனது. கடையில் கூட்டம், கவனிக்கவில்லை என்பதைத் தவிர அவன் வேறு சொல்லவில்லை. அதற்கு முன் ஒவ்வொரு நாளும் உனக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுவந்து கொடுத்ததும் அவன்தான். வாங்கி உள்ளே அனுப்பியது நான்.

நீ குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாய். அம்மா தட்டு வைத்தாள். நீ கேட்டாய்: "அப்பா, அந்த நேரம் நான் கண்டியில கிளாஸ்ல இருந்தேன். என் பேரு எப்பிடி புத்தகத்துல வந்துச்சு?"

"புத்தகம் யார் கையில இருந்துச்சு?" என்றேன்.

"ரிஸ்மிகிட்ட."

"அப்ப?"

"ரிஸ்மியா? அவனா எழுதினான்?"

"நான் சொல்லல. நீயே யோசிச்சுப் பாரு."

வகுப்பில் பிள்ளையை விடைக்கு அழைத்துப் போகும் அதே முறை. விடையை நீயே சொல்லும்படி செய்தேன். அதோடும் விடவில்லை. நீ இரண்டு நாள் தயங்கினாய், அவனிடம் போய்க் கேட்கிறேன் என்றாய். கேட்டால் அகப்பட்டுக்கொள்வேன். "அவங்க ஆளுங்க எப்பவும் ரெண்டு பக்கமும் கால் வச்சிருப்பாங்க, போய்க் கேட்டா மறுபடி மாட்டிவிடுவான்" என்றேன். எந்தப் பேச்சுக்கு எதிராகக் களத்தில் பக்கம் பக்கமாக எழுதினேனோ, அதே பேச்சை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் வாயால் பேசினேன். நீ நம்பினாய். ஏனென்றால் அப்பா ஒருபோதும் ஆதாரமில்லாமல் பேசாதவர்.

போன ஞாயிறு அவன் வாசலுக்கு வந்தபோது நான் உள் அறையில் இருந்தேன். எல்லாம் கேட்டது. வெள்ளிக்கிழமை தன் நிக்காஹ் என்று அட்டையை நீட்டினான். "காட்டிக்கொடுத்தவன் வீட்டுச் சோறு எனக்குச் செரிக்காது. எடுத்துக்கிட்டுப் போ" என்றாய். "சரி மச்சான்" என்றான். நான் கதவடிக்கு வந்துவிட்டிருந்தேன். என்னை ஒரே ஒரு தடவை பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. இப்போதாவது சொல்வாரா என்று பார்த்தான், அவ்வளவுதான். நான் சொல்லவில்லை. அவன் படியிறங்கிப் போய்விட்டான். நீ பின்பக்கம் போனதும் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி, ரயில் கடவையில் அவனைப் பிடித்தேன்.

"தம்பி, நில்லு."

அவன் நின்று, கேட்கிற காதை என் பக்கம் திருப்பினான். "என்ன சேர்?"

"நீ ஏன் அவன்கிட்ட சொல்லல?"

"நான் சென்னா நம்புவானா? கூட்டாளி செல்றதயா, பெத்த அப்பா செல்றதயா?"

"பொலிஸ்ல சொல்லியிருக்கலாமே."

"சென்னா என்ன நடக்கும்? அப்பாவும் மகனும் சேந்து செஞ்ச வேல எண்டு அவன இன்னும் உள்ளுக்குத்தான் போடுவாங்க. ஒங்களுக்காக வாய மூடிக்கிட்டீந்தேன் எண்டு நெனைக்காதீங்க சேர். அவனுக்காக. அவன் வெளிய வந்த பொறகு நீங்களே செல்லுவீங்க எண்டு பாத்தேன். ஒரு கெழம பாத்தேன். ஒரு மாசம் பாத்தேன். பெருநாளும் வந்து போச்சி. ஒங்களுக்கு ஒலகத்துல ஈக்கிற எல்லாருக்கும் உண்மைய விளங்கப்படுத்த நேரம் ஈக்கி. வீட்டுல ஈக்கிற ஒருத்தனுக்குத்தான் இல்ல."

முதல் தடவையாக ஒரு வாதத்தில் பதில் தேடாமல் நின்றேன். "அவனை நான் அனுப்பி வைக்கிறேன்" என்றேன். பிறகு, வெட்கமில்லாமல், "நானும் வரட்டுமா?" என்றும் கேட்டேன்.

"வேணாம் சேர்," என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். "எங்கட கலியாணத்துல ஒரு சஹன்ல ஆறு பேர் ஒண்டாக் கை வச்சித் தின்னுற. ஒங்களோட ஒரே தட்டுல கை வைக்க எனக்கு இன்னும் ஏலாது. அவன மட்டும் அனுப்புங்க. அவன் வந்தா என்ட சஹன்ல எடம் ஈக்கும்."

ஞாயிறு அவனிடம் வாக்குக் கொடுத்தேன். இன்று வியாழன். நாலு நாள் எடுத்தது. இடையில் ஒரு எண்ணம் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்: பேசாமல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை நீ போய்விடுவாய், அவனும் குடும்பமாகிவிடுவான், எல்லாம் தானாக அமுங்கிவிடும் என்று. நீ என்னை நல்லவனாகவே நினைத்துக்கொண்டு விமானம் ஏறியிருப்பாய். இரண்டு நாள் அந்த எண்ணத்தோடு வாழ்ந்தேன். நன்றாகத் தூங்கினேன் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நீ போகிற ஊரில் கடலோடியைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஒருநாள் நீயும் அவர்களோடு உட்கார்ந்து எழுதுவாய். யாரும் விதிவிலக்கு இல்லை. அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் எண்ணமும் இல்லை. ஆனால் உன்னைப் பிடித்துக் கொடுத்தது அவர் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாதம் செய்யாதே என்று உனக்குச் சொல்லமாட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்த தலைமுறையின் பிள்ளை நான், அதன் கதி எனக்குத் தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ எழுதப் போகும் வரிக்குப் பிறகு யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்று யோசி. தட்டுவது உன் கதவாக இருந்தால், துணிந்து எழுது. வேறொருவனின் கதவாக இருந்தால், நீ சொல்வது ஆயிரம் தடவை சரியாக இருந்தாலும் கையை எடுத்துவிடு. யாராவது நிரூபி என்று கேட்டால், நிரூபிக்காமல் எழுந்து போய்ச் சாப்பிடு. அவன் வென்றதாக நினைக்கட்டும். எனக்கு அது முடியவில்லை. உனக்கு முடியும் என்று நினைக்கிறேன். நாலந்தாவில் பலகையைப் பார்த்தும் வாய் திறக்காத பிள்ளை நீ. ஆனால் அந்த மௌனத்தை என்னைப் போன்றவர்களுக்கு இனித் தராதே. பிழை செய்தவன் அப்பாவாக இருந்தாலும் பிழை என்று சொல்.

ஞாயிறு காலை வான் வண்டி வரும். நான் விமான நிலையத்துக்கு வருவது உனக்கு விருப்பமில்லாவிட்டால் அதை வாயால் சொல்ல வேண்டாம். வண்டியில் நான் உட்கார வேண்டிய இருக்கையில் உன் பெட்டியை ஏற்றிவிடு, நான் விளங்கிக்கொள்வேன். அக்கம்பக்கத்தார் கேட்டால் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று சொல்ல அம்மாவுக்குத் தெரியும். வேண்டாம், உண்மையையே சொல்லட்டும். என்னை என்ன செய்வது என்று யோசிக்க உனக்கு வருடங்கள் இருக்கின்றன. ரிஸ்மிக்கு நாளை பகல் மட்டும்தான் இருக்கிறது. ஜும்மாத் தொழுகை முடிந்ததும் சாப்பாடு. அட்டையை நீ வாங்கவில்லை என்பதால் அவன் அதை நம் வீட்டு மதில்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தான். இந்தக் கடிதத்துக்குள் இருக்கிறது. என்னிடம் கத்துவதற்கு நின்றால் நேரம் போய்விடும். முதலில் அங்கே போ.

அப்பா